38 கிரெடிட்டும் ஏற்கப்பட்டது, பட்டத்தில் சேர்ந்தது 21: டூயல் கிரெடிட் மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் வட்டாரத்தில், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தன்னார்வலனாக உதவி வருகிறேன். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்காகச் சேர்க்கும் பாட அலகு) சேர்த்த ஒரு மாணவியின் அனுபவத்தை, அவருடைய குடும்பத்தின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதே கதை சிறு சிறு மாற்றங்களோடு நடக்கிறது. அதனால்தான் முழுதாக எழுதுவது அவசியம் என்று பட்டது.

பின்னணி

மாணவி கோவையில் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோருடன் டெக்சஸ் வந்தார். தந்தை மென்பொருள் துறையில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். தாய்க்கும் மாணவிக்கும் அவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசா. இங்கேயே பிறந்த தம்பி ஒருவன் உண்டு. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் ஆகியும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகர்ந்தபாடில்லை.

இந்த விசா விவரத்துக்கும் கல்லூரி கிரெடிட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு எச்-4 விசா 21 வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேலும் இங்கே படிக்க வேண்டுமானால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாணவி 12-ஆம் வகுப்பை முடிக்கும் 2024 மே மாதத்தில் அவருக்கு 18 வயது நிறையும். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தால் 2027 மே. அதாவது சரியாக 21. "நாலு வருஷப் படிப்பை மூணு வருஷத்துல முடிச்சிட்டா விசா மாத்துற வேலையே இல்லை" என்பதுதான் தந்தையின் கணக்கு. டூயல் கிரெடிட் பக்கம் குடும்பம் போனதற்கு முதல் காரணம் இதுவே. செலவு மிச்சமாவது இரண்டாவது காரணம்.

டூயல் கிரெடிட் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஹைஸ்கூல் மாணவர் அந்த வட்டாரத்தின் இரண்டாண்டு அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜின் பாடத்தை எடுப்பார். வகுப்பு பள்ளியிலேயே நடக்கலாம், கல்லூரி வளாகத்திலோ ஆன்லைனிலோ நடக்கலாம். அந்த ஒரே பாடம் பள்ளி டிப்ளமாவிலும் (பள்ளி இறுதிச் சான்றிதழ்) கணக்காகும், கல்லூரி கிரெடிட்டாகவும் பதிவாகும். ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனப்படும் கல்லூரி நிலைப் பள்ளிப் பாடம் அப்படியில்லை. அதில் வகுப்பு பள்ளியுடையது. மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண் வரும், அதைப் பார்த்துக் கிரெடிட் தருவதா வேண்டாமா என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யும். ஏபி மதிப்பெண் குறைந்தால் அதை அனுப்பாமலே விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கிய மார்க் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் கல்லூரி மதிப்பெண் பதிவில் ஏறிவிடும், பிறகு அதை எடுக்க முடியாது. பதினாறு வயதில் எடுக்கும் முடிவு இது என்பதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் எடுத்த பாடங்கள் (2022–2024)

பத்தாம் வகுப்பு முடிவில் மாணவி, கல்லூரிப் பாடம் எடுக்கத் தயாரா என்று பார்க்கும் டிஎஸ்ஐ தகுதித் தேர்வில் தேறினார். 11-ஆம் வகுப்பில் இங்கிலிஷ் 1301, 1302, அமெரிக்க வரலாறான ஹிஸ்டரி 1301, 1302, காலேஜ் அல்ஜீப்ரா எனப்படும் மேத் 1314, அப்புறம் ப்ரீகால்குலஸான மேத் 2412. அந்தக் கோடையில் சைக்காலஜி 2301, ஆர்ட் அப்ரிசியேஷன். 12-ஆம் வகுப்பில் கவர்ன்மென்ட் 2305, பயாலஜி 1408, மேடைப் பேச்சுக்கான ஸ்பீச் 1315, எகனாமிக்ஸ் 2301. மொத்தம் 38 கிரெடிட். இவற்றோடு 12-ஆம் வகுப்பில் ஏபி கால்குலஸ் (AB) பாடத்தையும் எடுத்தார்.

மதிப்பெண்கள் பெரும்பாலும் ஏ. மேத் 2412-இல் பி. பயாலஜியில் சி. அந்தப் பருவத்தில்தான் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளையும் எழுதிக்கொண்டிருந்தார், ஆய்வகக் குறிப்புகள் இரண்டு தாமதமாகப் போய்விட்டன.

இந்தப் பட்டியலை நான் முதன்முதலாகப் பார்த்தது 12-ஆம் வகுப்பின் வசந்தப் பருவத்தில், பல்கலைக்கழகங்களின் முடிவுகள் வரத் தொடங்கியபோது. மாணவி விண்ணப்பித்திருந்தது எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங். பட்டியலிலோ இன்ஜினீயரிங்கின் அடிப்படையான கால்குலஸ், கால்குலஸ் சார்ந்த இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றுகூட டூயல் கிரெடிட்டாக இல்லை. ஏபி கால்குலஸ் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

எப்படி இந்தப் பட்டியல் அமைந்தது என்று விசாரித்தேன். 15 கிரெடிட்டைத் தொட்ட டூயல் கிரெடிட் மாணவர் தன் பட்டத் திட்டத்தைக் கல்லூரியில் பதிவு செய்ய வேண்டும் என்பது டெக்சஸில் 2019-இல் நிறைவேறிய செனட் பில் 25 என்ற சட்டத்தின் விதி. நல்ல விதி. மாணவியும் பதிவு செய்திருந்தார். ஆனால் படிவத்தில் இருந்தது கம்யூனிட்டி காலேஜின் பொதுக் கலைப் பட்டத் திட்டம். அதற்கு ஏற்ற பாடங்களைத்தான் பள்ளிக் கவுன்சலர் அடுத்தடுத்துப் பரிந்துரைத்திருக்கிறார். கவுன்சலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்ப்பவர் அவர், பள்ளி டிப்ளமாவுக்கு எந்தப் பாடம் பொருந்தும் என்பதை மிகச் சரியாகவே பார்த்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில், எந்த இடத்தில் அந்தப் பாடம் போய் உட்காரும் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. குடும்பம் கேட்டதெல்லாம், "இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்பது. ஆகும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் உண்மையும்கூட.

இடம் தேர்ந்த விதம்

2024 வசந்தத்தில் இரண்டு இடங்கள் இறுதிப் பட்டியலில் நின்றன. ஒன்று டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகம். மற்றொன்று வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம், ஓரளவு உதவித்தொகையோடு.

தனியார் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் விதியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். ஹைஸ்கூல் டிப்ளமாவுக்குக் கணக்கான எந்தக் கல்லூரிப் பாடத்துக்கும் கிரெடிட் கிடையாது என்று அதில் தெளிவாக இருந்தது. ஒரே பாடம் இரண்டு பக்கமும் கணக்காவதுதான் டூயல் கிரெடிட்டின் அடிப்படை. ஆகவே அங்கே போனால் 38-இல் பூஜ்யம். தனியார் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக இடம் கிடைப்பது கடினமான இடங்களில், இது அபூர்வமான விதி அல்ல. பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்த வகுப்பு என்றாலே ஏற்காத இடங்களும் உண்டு.

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. இங்கிலிஷ் 1301 என்றால் ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜிலும் எல் பாசோவிலும் அது ஒரே பாடம். இதற்கு மேல் 42 கிரெடிட் கொண்ட பொதுப் பாடத்திட்டம் ஒன்றும் உண்டு. அதைக் கோர் என்பார்கள். எழுத்து, கணிதம், அறிவியல், அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்று பெட்டி பெட்டியாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அரசுக் கல்லூரியில் 42-ஐயும் முடித்தால் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம் அதை அப்படியே மொத்தமாக ஏற்க வேண்டும். முழுதாக முடிக்காவிட்டாலும், முதல் கல்லூரியின் கோரில் இருந்த பாடத்துக்கு இரண்டாவது இடத்திலும் கோர் கிரெடிட் தர வேண்டும். இந்தக் கடைசி விதி பின்னால் மாணவிக்குக் கை கொடுத்தது.

குடும்பம் அரசுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தது. கிரெடிட் மட்டுமே காரணமல்ல. டெக்சஸ்வாசிக்கான கட்டணம், வீட்டுக்கு அருகாமை, இவையும் சேர்ந்தன. என் கருத்தில் சரியான முடிவு.

ஜூன் 2024: ஓரியண்டேஷன்

புதிய மாணவர்களுக்கான ஓரியண்டேஷனுக்குப் போனபோது பல்கலைக்கழகத்தின் கணினியில் மாணவியின் கணக்கில் ஒரு கல்லூரி கிரெடிட்டும் இல்லை. ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் டூயல் கிரெடிட் பாடங்கள் எல்லாம் அச்சாகியிருந்ததால், தனியாக எதுவும் அனுப்பத் தேவையில்லை என்று குடும்பம் நினைத்திருந்தது. பல்கலைக்கழகம் கிரெடிட் தருவது கம்யூனிட்டி காலேஜ் நேரடியாக அனுப்பும் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான். பள்ளித் தாளில் அந்தப் பாடம் இருப்பது போதாது.

தந்தை அன்றே கம்யூனிட்டி காலேஜுக்குத் தொலைபேசியில் பேசினார். மகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பதிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள். மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தின்படி மாணவர் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்தப் பதிவின் உரிமை மாணவருடையது. பணம் கட்டியவர் பெற்றோராக இருக்கலாம், கேட்க வேண்டியவர் பிள்ளைதான். மாணவி அன்று மாலையே கல்லூரிக் கணக்கில் நுழைய முயன்றார். பதிவாகியிருந்ததோ பள்ளி மின்னஞ்சல். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பள்ளி அந்த முகவரியை முடக்கியிருந்தது. கடவுச்சொல்லை மீட்கவே சில நாட்கள் ஓடின.

இதற்கிடையில் ஓரியண்டேஷன் அட்வைசர் கையில் இருந்ததை வைத்து முதல் பருவத்துக்குப் பதிவு செய்தார். ஏற்கனவே முடித்த இங்கிலிஷ் 1301, ஹிஸ்டரி 1301 இரண்டும் மறுபடி அட்டவணையில் வந்தன. கணிதத்தில் கால்குலஸ் 1. ஏபி மதிப்பெண் ஜூலையில்தான் வெளிவரும் என்பதால் அட்வைசருக்கும் வேறு வழியில்லை.

இங்கே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, அட்வைசர் பதிவு செய்ததை அப்படியே வைத்துக்கொள்வது. இடத்தைக் கைவிட்டுவிட்டு ஆகஸ்டில் தேடினால் கணித வகுப்பு கிடைக்காது. கிரெடிட் ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, காத்திருக்கும் கோடையில் கவர்ன்மென்ட் 2306-ஐ அதே கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் எடுப்பது. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெறும் எவரும் 6 கிரெடிட் அரசியல் படித்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2305 கூட்டாட்சி அரசைப் பற்றியது, 2306 டெக்சஸ் அரசைப் பற்றியது. முதலாவது கையில் இருந்தது. இரண்டாவதை எடுத்தால் அந்தப் பெட்டி முழுதாக நிரம்பும். இந்தக் குடும்பம் எடுத்த கிரெடிட் முடிவுகளில், எந்தப் பெட்டிக்கு என்று தெரிந்து எடுத்த முதல் பாடம் அதுதான்.

ஜூலை 2024: 17 எங்கே போனது

ஜூலை நடுவில் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்தது. கிரெடிட் மதிப்பீட்டு அறிக்கையும் வந்தது. 38-ம் ஏற்கப்பட்டது. வீட்டில் மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து மாணவி டிகிரி ஆடிட்டைத் திறந்து பார்த்தார். பட்டத்துக்குத் தேவையான ஒவ்வொரு பாடத்தையும் வரிசையாகக் காட்டி, எது முடிந்தது, எது பாக்கி என்று சொல்லும் பக்கம் அது. அங்கே முடிந்ததாகக் காட்டியது 21 மட்டும்.

"38-ம் ஏத்துக்கிட்டதா போட்டிருக்கே சார், அப்புறம் ஏன் 21-ங்குது?" என்று தந்தை என்னிடம் கேட்டார். இந்த ஆய்வின் மையமே அந்தக் கேள்விதான்.

ஏற்பது வேறு, பட்டத்தில் சேர்ப்பது வேறு. ஒரு பாடத்தை ஏற்றுக்கொண்டோம் என்று பல்கலைக்கழகம் சொன்னால் அது உங்கள் பதிவில் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் துறையின் தேவைகளில் அதற்கு ஓர் இடம் இருந்தால்தான் பட்டம் குறையும். வீட்டுச் சமையலுக்கு அரிசியும் பருப்பும் வேண்டியிருக்கும்போது நாலு கிலோ சர்க்கரை வந்து சேர்ந்தால், பொருள் வந்தது உண்மைதான், ஆனால் அன்றைய சாப்பாடு ஆகாது.

பாடவாரியாகப் பார்த்தோம். இங்கிலிஷ் இரண்டும், ஹிஸ்டரி இரண்டும், கவர்ன்மென்ட் 2305-ம், ஆர்ட் அப்ரிசியேஷனும், எகனாமிக்ஸும் நேராகப் போய்ப் பொருந்தின. 21.

சைக்காலஜி சமூக அறிவியல் பெட்டிக்குரியது. அந்தப் பெட்டி 3 கிரெடிட்டோடு முடிந்துவிடும், எகனாமிக்ஸ் ஏற்கனவே அதை நிரப்பிவிட்டது. இன்ஜினீயரிங்கில் விருப்பப் பாடத்துக்கு இடம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே சைக்காலஜி உபரி. கலைப்பிரிவில் சேர்ந்திருந்தால் அது விருப்பப் பாடமாகக் கணக்காகியிருக்கும்.

கணிதம் 7 கிரெடிட். கோரின் கணிதப் பெட்டியை மேத் 1314 நிரப்பும், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினீயரிங்குக்குக் கால்குலஸ் கட்டாயம், அதைப் படித்தாலே அந்தப் பெட்டி தானாக நிரம்பிவிடும். அல்ஜீப்ராவும் ப்ரீகால்குலஸும் கால்குலஸுக்கு ஏறும் படிகள். படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தப் படிகள் இல்லாமல் ஏபி கால்குலஸில் அமர்ந்திருக்க முடியாது. கிரெடிட்டாக மட்டும் அவை பட்டத்தைக் குறைக்கவில்லை.

பயாலஜி 1408 அறிவியலை முதன்மையாக எடுக்காதவர்களுக்கான பாடம். இன்ஜினீயரிங்குக்கு வேண்டியது வேதியியலும் இயற்பியலும். அதிலும் இயற்பியலில் கவனம் வேண்டும். ஃபிசிக்ஸ் 1401 அல்ஜீப்ராவை வைத்து நடப்பது, 2425 கால்குலஸை வைத்து நடப்பது. இரண்டுக்கும் 4 கிரெடிட்தான், இன்ஜினீயரிங்கில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு. இந்த மாணவி இயற்பியலே எடுக்கவில்லை. ஆனால் 1401 எடுத்துவிட்டு இதே கேள்வியோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஸ்பீச் 1315. இதை ஆடிட் பொது விருப்பப் பாடம் என்று ஒதுக்கியிருந்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மேல்முறையீடு

கம்யூனிட்டி காலேஜின் பழைய பாடப் பட்டியலை (கேட்டலாக்) எடுத்துப் பார்த்தோம். மாணவி பாடம் எடுத்த ஆண்டுக்கான பட்டியல்தான் முக்கியம், நடப்பு ஆண்டுடையது அல்ல. அந்த ஆண்டின் கோரில், கல்லூரி தானே தேர்ந்துகொள்ளும் பெட்டியின் கீழ் ஸ்பீச் 1315 இருந்தது. பல்கலைக்கழகத்தின் கோர் பட்டியலில் அந்தப் பாடம் இல்லை, அதனால்தான் கணினி அதை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் மாநில விதி, அனுப்பும் கல்லூரியின் கோரில் இருந்ததா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறது.

அட்வைசர் முதலில், "எங்கள் பட்டியலில் இல்லையே" என்றார். மாணவி மதிப்பீட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். நான் வரைவைப் பார்த்தேன், எழுதியது அவர்தான். நான்கு வரிகள். எந்தப் பாடம், எந்தப் பருவத்தில், எந்த மதிப்பெண். அந்த ஆண்டு அனுப்பிய கல்லூரியின் கோரில் எந்தப் பெட்டியில் இருந்தது. கோரை முடிக்காமல் மாறும் மாணவருக்கு முந்தைய கல்லூரியின் கோர் பாடங்களுக்குக் கோர் கிரெடிட் தர வேண்டும் என்ற மாநில விதியின்படி மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன் என்ற வேண்டுகோள். இணைப்பாகப் பட்டியலின் அந்தப் பக்கமும் பாடத்தின் சிலபஸும். கோபமோ புலம்பலோ இல்லை. இப்படிப்பட்ட கடிதம்தான் வேலை செய்யும். படிப்பவர் இன்னொரு பக்கத்தைத் தேடாமல் முடிவெடுக்க முடிய வேண்டும்.

மறுத்தால் அதைக் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும், அப்போதும் தீராவிட்டால் மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் வரை போக வழி இருக்கிறது என்றும் சொல்லி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்பீச் கோருக்குள் வந்தது. 21 என்பது 24 ஆயிற்று.

பயாலஜிக்கும் கணிதத்துக்கும் இதே வாதம் பொருந்தாதா என்று தந்தை கேட்டார். பொருந்தும், கோரில் இடம் கிடைக்கும். ஆனால் கோரில் இடம் கிடைத்தாலும் துறை கேட்கும் வேதியியலையும் கால்குலஸையும் படித்தே ஆக வேண்டும். ஒரு பாடம்கூடக் குறையாது. அந்த முயற்சியை விட்டுவிடச் சொன்னேன்.

ஏபி கால்குலஸில் மதிப்பெண் 4 வந்தது. கால்குலஸ் 1-க்கு அது போதும். ஆனால் இந்தக் கிரெடிட் தானாக வராது, மாணவர் கேட்டுப் பெற வேண்டும். இங்கே வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. நேராகக் கால்குலஸ் 2-க்குப் போவதா, அடித்தளம் உறுதியாக இருக்கட்டும் என்று 1-ஐ மறுபடி படிப்பதா? துறையின் இணையப் பக்கத்தில் இருந்த பழைய கால்குலஸ் 1 இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை வீட்டில் நேரம் வைத்து எழுதச் சொன்னேன். சங்கிலி விதியிலும் தொகையீட்டிலும் தடுமாற்றம் இல்லை. கால்குலஸ் 2-க்கு மாறினார். இங்கிலிஷும் ஹிஸ்டரியும் அட்டவணையிலிருந்து நீங்கின.

கோடையில் எடுத்த கவர்ன்மென்ட் 2306-க்காக இன்னொரு முறை டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டியிருந்தது. முன்பு அனுப்பியது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதுவும் சேர்ந்தபின் கணக்கு 31: பள்ளியில் எடுத்ததில் 24, கோடைப் பாடம் 3, ஏபி 4.

முதல் இரண்டு ஆண்டுகள்

31 கிரெடிட் என்றால் ஓர் ஆண்டு மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்ஜினீயரிங்கில் அப்படி வராது. கால்குலஸ் 2 முடித்தால்தான் மின்காந்த இயற்பியல், அதன் பிறகுதான் சர்க்யூட்ஸ், அதன் பிறகு சிக்னல்ஸ், எலக்ட்ரானிக்ஸ், கடைசியில் இரண்டு பருவம் நீளும் இறுதித் திட்டப்பணி. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். பட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தச் சங்கிலிதான். வரலாறும் கலையும் முடிந்துவிட்டதால் சங்கிலி ஒரு கண்ணிகூடக் குறையாது. உண்மையில் காலத்தைக் குறைத்தது ஏபி கால்குலஸின் 4 கிரெடிட். உபரியாகிப்போன 14 கிரெடிட்டை விட அதற்கு மதிப்பு அதிகம்.

எதிர்பாராத ஒரு சிக்கலும் வந்தது. எளிதான பொதுப் பாடங்கள் எல்லாம் பள்ளியிலேயே முடிந்துவிட்டதால் முதல் பருவம் முழுக்கக் கனமான பாடங்கள். கால்குலஸ் 2, இயற்பியல், வேதியியல், இன்ஜினீயரிங் அறிமுகம். முழுநேர மாணவராக இருக்க 12 கிரெடிட் வேண்டும் என்பதால் குறைக்கவும் முடியவில்லை. பக்கத்து அறை மாணவிகள் ஒரு வரலாற்றுப் பாடத்தில் ஏ வாங்கிச் சராசரியைத் தாங்கிக்கொண்டார்கள். இவருக்கு அந்தத் தாங்கல் இல்லை. பள்ளியில் டூயல் கிரெடிட்டில் வாங்கிய ஏக்களும் உதவவில்லை, புதிய இடத்துக்குக் கிரெடிட் வருமே தவிர மதிப்பெண் சராசரி வராது. முதல் பருவ ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, நாலுக்கு 2.9. இரண்டாம் பருவத்தில் மீண்டார். ஆனால் அந்த 2.9-ஐப் பார்த்து அவர் கலங்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. புத்திசாலிப் பெண், பாடத்திட்டத்தின் அமைப்பு அவரை அந்த நிலையில் நிறுத்தியது.

நன்மையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பட்டத்தில் சேராவிட்டாலும் ஏற்கப்பட்ட கிரெடிட் எல்லாம் மாணவரின் தரநிலையில் கணக்காகும். 30-ஐத் தாண்டியதால் முதல் ஆண்டிலேயே இரண்டாம் ஆண்டு மாணவராக வகைப்படுத்தப்பட்டார், பாடப் பதிவுக்கு முன்னதாகவே நேரம் கிடைத்தது. சர்க்யூட்ஸ் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும். இவருக்கு இடம் கிடைத்ததற்கு இதுதான் காரணம்.

கிரெடிட் அதிகமானால் அபராதமாகக் கூடுதல் கட்டணம் வருமோ என்ற பயமும் வீட்டில் எழுந்தது. பட்டத்துக்குத் தேவையானதை விட 30 கிரெடிட்டுக்கு மேல் போனால் டெக்சஸில் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் ஹைஸ்கூல் முடிக்கும் முன் எடுத்து டிப்ளமாவுக்குப் பயன்பட்ட கிரெடிட் அந்தக் கணக்கில் வராது. அதில் கவலையில்லை.

இப்போதைய நிலை

2025 கோடையில் கால்குலஸ் 3-ஐக் கம்யூனிட்டி காலேஜில் முடித்தார். இந்த முறை பதிவு செய்யும் முன்பே பல்கலைக்கழக அட்வைசரிடம், துறைத் தேவையில் சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். இப்போதைய திட்டப்படி 2027 டிசம்பரில் பட்டம். மூன்றரை ஆண்டு. தந்தை நினைத்த மூன்று ஆண்டு கைகூடவில்லை. கடைசிப் பருவத்துக்காக எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது, அதற்காக வழக்கறிஞரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 21-ஆவது பிறந்த நாளுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும் என்பதால் 2027 தொடக்கத்தில் அந்த வேலை ஆரம்பமாகும்.

மாற வேண்டியவை

தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்கு மருத்துவம் படிக்க ஆசை. அக்காவுக்கு நடந்ததை வைத்து வீட்டில் செய்திருக்கும் மாற்றங்களையே இங்கே தருகிறேன்.

பாடம் தேர்வதற்கு முன், அவன் விண்ணப்பிக்க நினைக்கும் மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டத் திட்டங்களை அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கிலிஷ், வரலாறு, அரசியல் மூன்றும் எந்தத் துறைக்குப் போனாலும் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்குள் சேரும் என்பதால், மனம் மாறினாலும் நஷ்டமில்லை. முதலில் அவற்றைத்தான் எடுக்கிறான். அவற்றிலும் எல்லாவற்றையும் முடிக்கவில்லை. கல்லூரியின் முதல் ஆண்டில் கனமான அறிவியல் பாடங்களோடு சேர்த்துப் படிக்க அரசியலில் ஒன்றையும் கலைப் பாடத்தையும் வேண்டுமென்றே மிச்சம் வைக்கிறான். தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனால் இவை பூஜ்யமாகலாம் என்பது தெரிந்தே எடுக்கிறான்.

அறிவியலில் டூயல் கிரெடிட் வேண்டாம் என்று முடிவு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், ஹைஸ்கூலில் எடுத்த கல்லூரிப் பாடங்கள் உட்பட ஒவ்வொன்றையும் குறிப்பிட வேண்டும், படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும், அந்த மதிப்பெண்களும் ஜிபிஏவில் கணக்காகும். பதினாறு வயதில் பயாலஜியில் வாங்கும் ஒரு சி இருபத்திரண்டு வயதில் அவன் முன்னால் வந்து நிற்கும். அக்காவின் பயாலஜி சி இன்ஜினீயரிங்கில் யார் கண்ணிலும் படவில்லை, தம்பிக்கு அப்படி நடக்காது. அதனால் பயாலஜியையும் வேதியியலையும் ஏபியில் எடுக்கிறான். மதிப்பெண் நன்றாக வந்தாலும் கிரெடிட் கேட்பதா, கல்லூரியில் மறுபடி படிப்பதா என்பதை அப்போது முடிவு செய்யலாம். முன்தேவைப் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன.

கம்யூனிட்டி காலேஜ் கணக்கைத் தொடங்கும்போதே சொந்த மின்னஞ்சலைக் கொடுத்தாயிற்று. பெற்றோரிடம் தகவல் பகிர்வதற்கான ஒப்புதல் படிவத்திலும் அவனே கையெழுத்திட்டிருக்கிறான். 15 கிரெடிட் தொட்டதும் நிரப்ப வேண்டிய பட்டத் திட்டப் படிவத்தில், பொதுக் கலை என்று போடாமல் உயிரியல் துறைக்கு மாறும் திட்டத்தைக் குறிப்பிட முடியுமா என்று தாய் கவுன்சலரிடம் கேட்டிருக்கிறார். முடியும், ஆனால் அதற்குக் கம்யூனிட்டி காலேஜின் அட்வைசரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த மாதம் சந்திப்பு. தம்பியோடு அக்காவும் போகிறார்.